காந்தளூர் மலையில் ஆப்ரிகாட் வளர்க்க: கன்று வாங்குவது முதல் பழம் பறிப்பது வரை

கேரளத்தின் இடுக்கி மலையில் இருக்கும் காந்தளூர், வட்டவடைப் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடிவருகிறவர்கள் முதலில் விசாரிப்பது பழமரங்களைப் பற்றித்தான். பிளம்ஸ், பீச், ஆப்பிள் எல்லாம் பக்கத்துத் தோட்டங்களில் காய்த்துத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் ஆப்ரிகாட்டும் வருமா?" என்று கேட்கிறார்கள். வரும், ஆனால் சில நிபந்தனைகளோடு. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் இமாச்சலத்துக்கும் லடாக்குக்கும் எழுதியவை. அங்கே மாதக் கணக்கு வேறு, மழை வேறு. அதை வைத்து இங்கே தடுமாறியவர்களில் நானும் ஒருத்தி. உங்களுக்கு அந்தத் தடுமாற்றம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த மரத்தின் தலையெழுத்து டிசம்பரிலும் ஜனவரியிலும் எழுதப்படுகிறது. அந்த இரண்டு மாதம் அது குளிரில், காய்ந்த மண்ணில், இலை இல்லாமல் தூங்க வேண்டும். தூங்காத மரத்துக்கு நீங்கள் எவ்வளவு உரம் போட்டாலும் இலைதான் வரும், பூ வராது.

1. இடம் சரியா என்று பாருங்கள்

ஆப்ரிகாட்டுக்கு 0 முதல் 7 டிகிரிக்குள் இருக்கும் குளிர் குறிப்பிட்ட மணி நேரம் கிடைக்க வேண்டும். ரகத்தைப் பொறுத்து இது சுமார் 300 மணியிலிருந்து 900 மணி வரை போகும். டிசம்பர், ஜனவரியில் ஒரு இரவுக்கு 5 மணி நேரம் அந்தக் குளிர் இருந்தால், 60 இரவுக்கு 300 மணி. அதாவது குறைந்த குளிர் கேட்கும் ரகத்துக்கு மட்டுமே இங்கே வழி. பகலில் வெயில் 20 டிகிரிக்கு மேல் ஏறினால் இரவில் சேர்த்த குளிரில் ஒரு பங்கு வீணாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மறையூர் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். அங்கே கரும்புக்கும் சந்தனத்துக்கும் குறைவில்லை, ஆனால் ஆப்ரிகாட்டுக்குக் குளிர் போதாது. காந்தளூர் 1,500 மீட்டரைத் தாண்டும், அங்கே முயலலாம். மூணாறும் அதே அளவு உயரம்தானே என்று கேட்பீர்கள். உயரம் சரி, மழைதான் சிக்கல். தென்மேற்குப் பருவமழை மூணாற்றில் கொட்டித் தீர்க்கும். நம் அஞ்சுநாட்டுப் பக்கம், அதாவது மறையூர், காந்தளூர் சுற்று, மலையின் மழை மறைவில் இருப்பதால் தூறலோடு போய்விடும். கொட்டைப் பழ மரங்களுக்கு ஈரத்தில் நிற்கும் வேர் ஆகாது. உடுமலையிலோ பொள்ளாச்சியிலோ இருந்துகொண்டு தொட்டியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அந்தப் பணத்துக்குப் பழமே வாங்கிச் சாப்பிடுங்கள்.

குறைந்த வெப்பம், கூடிய வெப்பம் இரண்டையும் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, ஒரு குளிர்காலம் முழுக்கத் தோட்டத்தில் நிழலான இடத்தில் தொங்கவிடுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். அதிகாலையில் பார்த்துக் குறித்து வாருங்கள். ஒரே ஊரில் மேட்டு வீட்டுக்கும் வயலோர வீட்டுக்கும் வித்தியாசம் தெரியும். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளத்தில் போய்த் தங்கும். பள்ளத்தில் குளிர் அதிகம் கிடைக்கும், ஆனால் பூக்கிற நேரத்தில் உறைபனி விழுந்தால் அத்தனை பூவும் கருகும். அதனால் சரிவின் நடுப்பகுதி நல்லது.

இன்னொன்று, கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரங்கள். வேலியோரம் அவை வரிசையாக நின்றால் பழமரத்தை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். மார்ச், ஏப்ரலில் மண்ணில் இருக்கும் தண்ணீரை அவை உறிஞ்சிவிடும்.

2. ஆப்ரிகாட்தான் வேண்டுமா என்று ஒரு முறை யோசியுங்கள்

உள்ளதைச் சொல்கிறேன். வீட்டில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் பீச் வையுங்கள். ஒற்றை மரமாக நின்றே காய்க்கும், இரண்டு மூன்று வருடத்தில் பழம் கொடுக்கும். பிளம்ஸ் இந்த ஊருக்கு நன்றாகப் பழகிய மரம். ஆனால் பெரும்பாலான ரகங்களுக்குப் பக்கத்தில் வேறொரு பிளம்ஸ் ரகம் பூத்தால்தான் காய் பிடிக்கும். அண்டை வீட்டில் ஒன்று நின்றால் கவலையில்லை. ஆப்ரிகாட் பொதுவாகத் தன் மகரந்தத்திலேயே காய்க்கக்கூடியது, ஆனால் பழத்துக்கு மூன்று முதல் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். குளிர் குறைந்த வருடத்தில் அதுதான் முதலில் ஏமாற்றும்.

இரண்டு, மூன்று மரத்துக்கு இடம் இருக்கிறது என்றால் ஒரு பீச், ஒரு பிளம்ஸ், ஆசைக்கு ஒரு ஆப்ரிகாட். இப்படி வைத்தால் எந்த வருடமும் கை வெறுமையாகப் போகாது. ஆப்ரிகாட்டில் நியூகேசில் போல, இமாச்சலின் நடு உயரப் பகுதிகளில் வளர்க்கும் ரகமாகக் கேளுங்கள். லடாக் ரகம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் வாங்காதீர்கள். அங்கே கிடைக்கும் குளிருக்கு நம் குளிர் ஈடாகாது.

3. கன்று வாங்கும்போது

ஏமாறுவது அதிகம் இந்தப் படியில்தான்.

உலர்பழக் கடையில் வாங்கிய ஆப்ரிகாட்டின் கொட்டையை நட்டு வளர்க்காதீர்கள். முளைக்கலாம், ஆனால் தாய்ப் பழத்தின் குணம் வராது. எத்தனை குளிர் கேட்கும் ரகம் என்றும் தெரியாது. ஒட்டுக்கன்றுதான் வாங்க வேண்டும். அடித்தண்டில் ஒட்டுப் போட்ட இடம் சற்றே புடைத்து, வளைந்து தெரியும். அதற்கு மேலிருந்து வளர்ந்த கிளைதான் உங்கள் ஆப்ரிகாட். அதற்குக் கீழிருந்து கிளம்பியிருந்தால் அது ஒட்டுப் போடுவதற்கு அடியில் வேராக வைத்த செடி, அதாவது வேர்ச்செடி. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு நர்சரியில் மேல் ஒட்டு பட்டுப்போய், கீழே துளிர்த்த கன்றையே ஆப்ரிகாட் என்று கொடுத்துவிட்டார்கள். செடி பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருந்தது, அதுதான் தொல்லை.

வட மாநிலங்களிலிருந்து வரும் கன்றுகள் மண் இல்லாமல், வேரைப் பாசியில் சுற்றி, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கத்துக்குள் வரும். பார்க்க வெறும் குச்சி போல இருக்கும், பயப்பட வேண்டாம். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். பார்சல் வந்த அன்றே பிரித்து, வேரைச் சில மணி நேரம் தண்ணீரில் வைத்து நட்டுவிடுங்கள். மார்ச்சுக்குப் பிறகு அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பையில் வளர்த்த கன்று என்றால் ஜூன், ஜூலைத் தூறலில் நடலாம்.

விலை: பீச், பிளம்ஸ் ஒட்டுக்கன்று 150 முதல் 300 ரூபாய்க்குள் கிடைக்கும். ஆப்ரிகாட் 500 வரை போகும், அனுப்பும் கூலி தனி. 1,500 ரூபாய்க்கு "இரண்டாம் வருடமே காய்க்கும் பெரிய கன்று" என்று விற்பதை வாங்காதீர்கள். சின்னக் கன்றுதான் வேகமாக வேர் பிடிக்கும்.

பில் கட்டாயம் வாங்குங்கள். அதில் ரகத்தின் பெயர், ஒட்டு எந்த வேர்ச்செடியில் போட்டது, தேதி மூன்றும் இருக்க வேண்டும். வெளிமாநிலக் கன்று என்றால் பூச்சி, நோய் இல்லை என்கிற தாவர நலச் சான்று உண்டா என்றும் கேளுங்கள். உடுமலையிலிருந்து கன்றுகளை வண்டியில் ஏற்றிவந்தால் சின்னாறு செக்போஸ்ட்டில் காட்ட அந்த பில்லை மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப் பாதையை மாலைக்குள் கடந்துவிடுங்கள், இருட்டினால் யானை இறங்கும்.

கிருஷி பவனில் (கேரள விவசாயத் துறையின் உள்ளூர் அலுவலகம்) மானியக் கன்று வரும் காலமும் உண்டு. அதற்குக் கரம், அதாவது நிலவரி, அடைத்த ரசீது, ஆதார், பேங்க் பாஸ்புக் நகல் தேவை. எய்ம்ஸ் என்னும் விவசாயத் துறைப் போர்ட்டலில் பதிவும் இருக்க வேண்டும். அக்ஷயா என்னும் அரசு இ-சேவை மையத்தில் செய்து கொடுப்பார்கள். இதில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆதாரில் இன்ஷியல் முன்னால், கரம் ரசீதில் பின்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக, இப்படி மூன்று விதமாக இருக்கும். மனு கொடுக்கும் முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பருவம் போய்விடும். எஸ்டேட் லயத்தில் குடியிருப்பவர்கள் மரம் வைக்கும்முன் எஸ்டேட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. காய்க்கிற வயதில் வெட்டச் சொன்னால் மனசு தாங்காது.

4. குழியும் நடவும்

நடுவதற்கு ஒரு மாதம் முன்பே 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி எடுத்து வெயில் காயவிடுங்கள். மரத்துக்கு மரம் 4 முதல் 5 மீட்டர். வீட்டுச் சுவர், செப்டிக் டேங்க் இரண்டிலிருந்தும் அதே தூரம். முன்பு பீச்சோ பிளம்ஸோ பட்டுப்போன குழியில் மறுபடி வைக்காதீர்கள்.

மேல்மண்ணோடு நன்றாக மக்கிய தொழுஉரம் 10 கிலோ, வேப்பம்புண்ணாக்கு அரைக் கிலோ, எலும்புத்தூள் அரைக் கிலோ கலந்து நிரப்புங்கள். இந்த மலை மண் புளிப்புத்தன்மை கூடியது. கிருஷி பவன் வழியாக மண் பரிசோதனைக்குக் கொடுத்து, அவர்கள் சொல்லும் அளவு சுண்ணாம்பு இடுங்கள். குத்துமதிப்பாகக் கொட்ட வேண்டாம்.

குழியைத் தரைமட்டத்தோடு நிறுத்தாமல் ஒரு சாண் உயரம் மேடாக்கி, அதன் மேல் நடுங்கள். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே அரை அடியாவது தெரிய வேண்டும். மண் அணைக்கும்போது அதை மூடிவிட்டால் மேல் தண்டே வேர்விட்டு, ஒட்டுக்கன்று வாங்கியதன் பலன் போய்விடும். ஜூன், ஜூலைக் காற்று இங்கே பேய்க்காற்று. தடித்த குச்சி ஊன்றி, பழைய துணியால் எட்டுப் போலச் சுற்றிக் கட்டுங்கள்.

கன்று, உரம், அரை நாள் கூலி, சுற்றிக் கட்டும் கம்பிவலை எல்லாம் சேர்த்து மரம் ஒன்றுக்கு முதல் வருடம் 2,000 ரூபாய் ஒதுக்கினால் போதும்.

5. முதல் மூன்று வருடம்: உருவம் கொடுப்பது

நட்ட உடனே தண்டை இடுப்பு உயரத்தில் வெட்டிவிடுங்கள். கை நடுங்கும், ஆனாலும் வெட்டுங்கள். அடுத்த துளிர்களில் நான்கு திசைக்குமாக மூன்று அல்லது நான்கு கிளையை மட்டும் விட்டு மற்றதை எடுங்கள். நடுவில் வெயில் விழும்படி மரம் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்தது போல இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கண்டவுடன் கிள்ளிப் போடுங்கள். முதல் இரண்டு வருடம் பிஞ்சு வந்தாலும் உதிர்த்துவிடுவது நல்லது. பேரக்குழந்தைகள் கேட்டால் ஒன்றிரண்டு விடலாம்.

6. டிசம்பர், ஜனவரி: எல்லாம் இங்கேதான்

நவம்பர் மழை ஓய்ந்ததும் காய்க்கும் மரத்துக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். பக்கத்தில் பூண்டு, கேரட் பாத்தி இருந்து அதற்குத் தண்ணீர் பாய்ந்தால் மரத்துக்கும் போகும், அதனால் பாத்தியைத் தள்ளிப் போடுங்கள். இந்தச் சமயத்தில் உரமும் கூடாது. இலை பழுத்துத் தானாக உதிரும். டிசம்பர் பாதியிலும் பச்சை இலை ஒட்டிக்கொண்டே இருந்தால் கையால் உருவிவிடலாம். கிளையைக் கிழிக்காமல், இலைக்காம்போடு, கீழிருந்து மேலாக. உதிர்ந்த இலையைக் கூட்டி எரித்துவிடுங்கள், நோய் வித்து அதில்தான் தங்கும்.

கவாத்துக்கு நல்ல காய்ந்த நாளாகப் பாருங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முதல் வாரங்களுக்குள். ஆப்ரிகாட்டுக்கு இது ரொம்ப முக்கியம். வெட்டுவாயில் மழைத்தண்ணீர் பட்டால் பூஞ்சை உள்ளே இறங்கி, கிளை கிளையாகக் காய்ந்துபோகும். மேகம் மூட்டமாக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

எதை வெட்டுவது என்பது மரத்துக்கு மரம் மாறும். பீச் போன வருடம் வளர்ந்த குச்சியில்தான் காய்க்கும், அதனால் துணிந்து குறைக்கலாம். ஆப்ரிகாட்டும் பிளம்ஸும் இரண்டு, மூன்று வருடக் கிளையில் கட்டைவிரல் நீளத்துக்குக் குட்டையாக நிற்கும் முண்டுக் குச்சிகளில் அதிகம் காய்க்கும். பீச்சை வெட்டிய கையோடு ஆப்ரிகாட்டையும் அதேபோல் வெட்டினால் அந்த முண்டுகள் போய்விடும். காய்ந்தது, உரசுவது, உள்நோக்கி வளர்ந்தது, நேராக வானம் பார்த்து ஏறியது, இவற்றை மட்டும் எடுங்கள். கத்தரியை மரத்துக்கு மரம் ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

வெட்டியதும் போர்டோ என்கிற பூஞ்சை மருந்து. 10 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். ஏலத்தோட்டக்காரர்களுக்கு இது பழக்கம்தான். துத்தத்தை 5 லிட்டரிலும் சுண்ணாம்பைத் தனியாக 5 லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது. கலந்ததில் ஒரு கத்தியை முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றைக்கே அடித்து முடித்துவிட வேண்டும், மீதியை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. பெரிய வெட்டுவாய்களுக்கு லிட்டருக்கு இரண்டும் 100 கிராம் வீதம் பசையாகக் குழைத்துத் தடவுங்கள்.

இந்த மருந்தை மொட்டு வீங்கும் முன்பே அடிக்க வேண்டும். பீச்சில் இலை சுருண்டு சிவந்து தடிக்கும் நோயை இலை வந்தபிறகு எந்த மருந்தும் அந்த வருடத்துக்குத் தடுக்காது. இலை இருக்கும்போது அடித்தால் செம்பு இலையைச் சுட்டு ஓட்டை போடும். அப்புறம் கந்தகம். திராட்சைக்கு அடிக்கிறார்களே என்று யாராவது ஆப்ரிகாட்டுக்குச் சொல்வார்கள். கேட்காதீர்கள், ஆப்ரிகாட் இலைக்குக் கந்தகம் ஒத்துக்கொள்ளாது.

7. பூவும் பிஞ்சும்

ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் இலைக்கு முன்பே பூ வரும். மொட்டு வீங்கத் தொடங்கியதும் ஒரு தண்ணீர் கொடுங்கள், பூ இருக்கும்போது லேசான ஈரம் போதும். இந்த நாட்களில் எந்தப் பூச்சிமருந்தும் வேண்டாம், தேனீ வராவிட்டால் காயும் இல்லை. குளிரும் மூட்டமுமாக இருந்து தேனீயைக் காணோம் என்றால் மென்மையான தூரிகையால் பூவுக்குப் பூ தொட்டுவிடலாம். உறைபனி விழும்போலத் தெரியும் இரவில் சின்ன மரத்தைச் சாக்கால் மூடி, காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

பிஞ்சு சுண்டைக்காயைத் தாண்டியதும் கலைக்க வேண்டும். ஆப்ரிகாட், பிளம்ஸில் இரண்டு காய்க்கு நடுவே நான்கு விரல் இடைவெளி, பீச்சில் ஒரு சாண். கலைக்காத மரம் கொட்டையும் தோலுமாகக் காய்த்து, கிளையையும் முறித்து, அடுத்த வருடம் ஓய்வெடுத்துவிடும்.

மார்ச், ஏப்ரலில் வாரம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். தினமும் ஒரு குடம் ஊற்றுவது வேரை மேலேயே நிறுத்திவிடும். தூரைத் தொடாமல் ஒரு முழம் தள்ளிக் காய்ந்த புல்லால் மூடாக்கு போடுங்கள். நீண்ட நாள் மண் காய்ந்து கிடந்த பிறகு திடீரென்று ஏராளமாகத் தண்ணீர் பாய்ந்தால் பழம் வெடிக்கும்.

8. பழம் பறிக்கும் காலம்

பீச், பிளம்ஸ், ஆப்ரிகாட் எல்லாம் ரகத்துக்குத் தக்கபடி ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன், ஜூலை வரை பழுக்கும். முதல் எதிரி பழ ஈ. மீத்தைல் யூஜினால் கட்டை வைத்த பொறியைப் பழம் நிறம் மாறுவதற்கு ஒரு மாதம் முன்பே தொங்கவிடுங்கள். ஒரு பொறி 100 ரூபாயைச் சுற்றி வரும். அது ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். அதனால் பொறி இருக்கிறதே என்று இருந்துவிடாமல், விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். மரத்தடியில் அழுகவிட்டால் அடுத்த தலைமுறை ஈ அங்கிருந்துதான் வரும். சின்ன மரமானால் பழக்கொத்துக்குத் துணிப்பை கட்டிவிடலாம். கொண்டைக்குருவிக்கும் வௌவாலுக்கும் அதுவே காப்பு.

காம்பருகே பச்சை மறைந்து மஞ்சளானதும் பறியுங்கள். பச்சையாகப் பறித்த ஆப்ரிகாட் மெத்தென்று ஆகும், இனிப்பு ஏறாது. கொட்டைக்குள் இருக்கும் பருப்பை வாதுமை என்று நினைத்துக் குழந்தைகள் உடைத்துத் தின்பார்கள், விடாதீர்கள். கசக்கும் பருப்பில் உடம்புக்குள் போய் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது.

பறித்து முடித்ததும் உரம். மரத்தின் வயதுக்கு ஏற்ப 10 கிலோவிலிருந்து 30 கிலோ வரை தொழுஉரம், கிளை நிழல் விழும் விளிம்பில். யூரியாவைக் கண்டபடி போட்டால் அசுவினிப் பூச்சிதான் வரும்.

9. மழைக்காலம்

அக்டோபர், நவம்பரில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டிவிடுங்கள். தண்டில் பிசின் வடிந்தால் கூரிய கத்தியால் நல்ல பட்டை தெரியும்வரை சுரண்டி, மழை விட்ட நாளில் போர்டோப் பசை பூசுங்கள். மரத்தூள் உதிரும் துளை தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது, கம்பியை விட்டுக் குத்தி எடுங்கள்.

10. யானையும் மந்தியும்

பழ வாசனைக்கு யானை வரும். வீட்டு மரத்துக்காக மின்வேலி போடுவது பெரிய செலவு. ஒழுங்குமுறை இல்லாமல் வீட்டுக் கரண்டை வேலியில் விடுவது உயிருக்கு ஆபத்து, குற்றமும்கூட. பழுத்ததை மரத்தில் விட்டுவைக்காமல் அன்றன்றைக்குப் பறிப்பதுதான் எனக்குத் தெரிந்த மலிவான வழி. மந்திக்கு எதுவும் முழுதாக வேலை செய்வதில்லை.

சேதம் நடந்தால் வனத்துறையிடம் நஷ்டஈடு கேட்கலாம். கிளையை அப்புறப்படுத்தும் முன்பே தேதி தெரியும்படி நாலாபுறமும் போட்டோ எடுங்கள். கரம் ரசீது, ஆதார், பாஸ்புக் நகலோடு அக்ஷயா மையத்தில் விண்ணப்பியுங்கள். மலையாளம் எழுத வராவிட்டால் கடிதத்தைத் தமிழில் எழுதலாம், தேவிகுளம் தாலுகாவில் அதற்குத் தடையில்லை. ஒன்றிரண்டு மரத்துக்குக் கிடைக்கும் தொகை பஸ் செலவுக்குக்கூடப் போதாமல் போகலாம். தோட்டமே போயிருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். இறங்கினால் விண்ணப்ப எண் அச்சிட்ட ரசீதை வாங்காமல் மையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.